கரண்டி போதும், அச்சோவியம் செய்யலாம்

ஓவியப் பாடவேளையில் கரும்பலகையில் ஒரு மாம்பழத்தை வரைந்து, "இதைப் பார்த்து வரையுங்கள்" என்று சொன்னால், வகுப்பில் மூன்று விதமான பிள்ளைகளைப் பார்க்கலாம். சிலர் உடனே வரைந்து முடித்துவிடுவார்கள். சிலர் பக்கத்துப் பிள்ளையின் தாளைப் பார்த்து வரைவார்கள். மீதிப்பேர் தாள் கிழியும்வரை அழித்துக்கொண்டே இருப்பார்கள். ஆறாம் வகுப்புக்கு வருவதற்குள் அந்த மூன்றாம் கூட்டம், "எனக்கு வரைய வராது சார்", "எனக்கு வரைய வராது டீச்சர்" என்று முடிவே செய்துவிடுகிறது. பதினொரு வயதில் எடுக்கப்படும் இந்த முடிவை மாற்றுவது எளிதல்ல.

நான் மீமிசலில் குடியிருக்கும் அறிவியல் பட்டதாரி ஆசிரியர். ஓவியப் பயிற்சி பெற்றவள் அல்லள். மாலை நேரத்தில் வீட்டுப் பின்கட்டில் தாள், பசை, வண்ணம், நூல், பழைய செய்தித்தாள் ஆகியவற்றைக் கலந்து படம் செய்வது என் வழக்கம். கலப்பு ஊடகம் என்று இதைச் சொல்கிறார்கள். அதில் எனக்கு மிகவும் பயன்பட்டது அச்சோவியம். பெரிய இயந்திரம் எதுவும் இன்றி, சமையலறைக் கரண்டியின் முதுகால் தேய்த்தே பல வகையான அச்சுகளை எடுக்க முடியும். வீட்டில் செய்து பார்த்தவற்றில் எவை வகுப்பறைக்குப் பொருந்தின என்பதை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

நமக்கு ஏற்கெனவே தெரிந்த கலை

அச்சோவியம் என்றதும் புதிய ஒன்றாகத் தோன்றும். ஆனால் கிருஷ்ண ஜெயந்தியன்று மூடிய கையின் பக்கவாட்டை அரிசிமாவுக் கரைசலில் தோய்த்துத் தரையில் குழந்தைக் காலடி பதிக்கிறோமே, அதுவும் அச்சுதான். மாட்டுப் பொங்கலுக்குக் காவியில் டம்ளரின் வாயைத் தோய்த்து மாட்டின் உடம்பில் வட்டம் வட்டமாகப் பதிப்பதும், துளையிட்ட தட்டின் மேல் கோலமாவைத் தூவித் தேய்ப்பதும், படகின் பக்கத்தில் வெட்டிய தகட்டை வைத்துப் பதிவெண் எழுதுவதும் அச்சு முறைகளே.

உலகில் உள்ள அச்சு முறைகளைப் பொதுவாக நான்கு குடும்பங்களாகப் பிரிக்கலாம்.

புடைப்பு அச்சு: மேடாக நிற்கும் பகுதியில் மை ஏறும். ரப்பர் முத்திரை, மரக்கட்டை அச்சு, லினோ அச்சு ஆகியவை இந்த வகை.

குழிவு அச்சு: கீறிய பள்ளத்தில் மை தங்கும். மேற்பரப்பைத் துடைத்துவிட்டு, ஈரத்தாளை அழுத்திப் பள்ளத்து மையை எடுக்க வேண்டும்.

தள அச்சு: மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. எண்ணெயும் நீரும் ஒட்டாத தன்மையை வைத்து அச்சிடுவது. 1796இல் செனஃபெல்டர் கண்டறிந்த கல்லச்சு இப்படிப்பட்டது. சிவகாசியின் நாட்காட்டிகளை அச்சிடும் ஆஃப்செட் முறையும் இதே கொள்கையில்தான் இயங்குகிறது.

துளை அச்சு: துளை வழியே வண்ணம் இறங்கும். கோலத் தட்டும் படகின் பதிவெண்ணும் இங்கே சேரும்.

இந்த நான்கையும் எடுத்துக்காட்டுகளோடு சொல்லிவிட்டு, "உங்கள் வீட்டில் எது எந்தக் குடும்பம்?" என்று கேட்டுப் பாருங்கள். ரேஷன் சாக்கில் உள்ள எழுத்து முதல் பேருந்துச் சீட்டு வரை பிள்ளைகள் பட்டியல் கொண்டுவருவார்கள்.

பாடநூலில் லினோ

நம் நாட்டில் அச்சோவியத்துக்கும் தொடக்கக் கல்விக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. 1930இல் இரவீந்திரநாத் தாகூர் வங்காளக் குழந்தைகளுக்காக எழுதிய 'சகஜ் பாட்' என்ற அரிச்சுவடிக்கு நந்தலால் போஸ் லினோ அச்சில் படங்கள் செய்தார். கறுப்பும் வெள்ளையும் மட்டும் கொண்ட எளிய படங்கள் அவை. அதே ஆண்டில், தண்டி யாத்திரையை ஒட்டி, கைத்தடி ஊன்றி நடக்கும் காந்தியடிகளையும் அவர் லினோவில் செதுக்கினார். கறுப்புப் பின்னணியில் வெள்ளைக் கோடுகளாக வரும் அந்த உருவத்தை நம் மாணவர்களில் பலர் எங்காவது பார்த்திருப்பார்கள். அதே 1930 ஏப்ரலில் இராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து புறப்பட்ட உப்பு யாத்திரை நம் கடற்கரையின் வடக்கே உள்ள வேதாரண்யத்தை அடைந்தது. சமூக அறிவியல் ஆசிரியர்கள் இந்தப் படத்தையும் பாடத்தையும் ஒருசேர எடுத்துக்கொள்ளலாம்.

1925இல் சித்தூர் பகுதியில் பிறந்த கிருஷ்ணா ரெட்டி 1940களின் இறுதியில் சென்னைக் கலாக்ஷேத்ராவில் ஓவியம் கற்பித்தவர். பின்னர் பாரிஸில் 'அட்லியே 17' அச்சுக்கூடத்தில் பணியாற்றினார். எண்ணெய் அதிகமுள்ள மையும் எண்ணெய் குறைந்த மையும் ஒன்றையொன்று தள்ளும் இயல்பைப் பயன்படுத்தி, ஒரே தகட்டில் பல வண்ணங்களை ஏற்றும் முறையை வளர்த்தவர்களில் அவர் முக்கியமானவர். பாகுநிலை என்று அறிவியல் பாடத்தில் நடத்துகிறோமே, அது அவர் கையில் ஓவியமானது. நமக்கு அருகிலேயே, தேவகோட்டையில் 1957இல் பிறந்த ஆர்.எம். பழனியப்பனும் அச்சோவியத்தில் பெயர் பெற்றவர். சென்னைக்குச் சுற்றுலா செல்லும் பள்ளிகள், கிரீம்ஸ் சாலையில் உள்ள லலித் கலா அகாதமியின் வட்டார மையத்தையும் பயணத் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.

பொருள்கள்

பெரும்பாலானவை வீட்டிலும் பள்ளியிலும் கிடைப்பவையே.

மை: போஸ்டர் கலர் அல்லது துணிக்குப் பூசும் அக்ரிலிக் வண்ணம். நம் கடற்காற்றில் போஸ்டர் கலர் விரைவில் உலர்ந்துவிடும். மருந்துக் கடையில் கிடைக்கும் கிளிசரின் சில சொட்டுகள் கலந்தால் உலர்வது தாமதமாகும்.

உருளை: பிளாஸ்டிக் குழாய்த் துண்டின் மேல் பழைய சைக்கிள் டியூபை இறுக்கமாக மாட்டினால் மை தடவும் உருளை தயார். அதுவும் இல்லையெனில், ஸ்பாஞ்சைத் துணியில் கட்டிய உருண்டை போதும்.

மைத் தட்டு: எவர்சில்வர் தட்டின் பின்புறம், அல்லது பழைய ஓடு.

அழுத்தம்: குழிக் கரண்டியின் முதுகு. மரக்கரண்டியானால் தாள் கிழியாது.

தாள்: முதலில் செய்தித்தாள், பின்பு மெல்லிய வெள்ளைத்தாள். தடித்த சார்ட் தாளில் கரண்டியின் அழுத்தம் போதாது.

தெர்மாகோல் தட்டில் பென்சிலால் அழுத்தி வரைந்து அச்செடுக்கும் முறை பல கையேடுகளில் இருக்கிறது. 2019 ஜனவரி 1 முதல் நம் மாநிலத்தில் தெர்மாகோல் தட்டுகளுக்குத் தடை இருப்பதால் அதை நான் எடுத்துக்கொள்ளவில்லை. மண்ணெண்ணெய், தின்னர் ஆகியவையும் வீட்டிலோ வகுப்பிலோ வேண்டாம். எண்ணெய் மை கையில் பட்டால் தேங்காய் எண்ணெய் தேய்த்துச் சோப்புப் போட்டுக் கழுவினால் போய்விடும்.

நான்கு செய்முறைகள்

1. அட்டை அச்சு (1ஆம் வகுப்பு முதல்)

இனிப்புப் பெட்டியின் அட்டையில் நூல், வலைத்துண்டு, உமி, காய்ந்த இலை, கிழித்த காகிதம் என எதையாவது ஒட்டச் சொல்லுங்கள். ஒட்டிய பொருள் மெல்லியதாக இருக்கட்டும். தடிமன் கூடினால் ஓரத்தில் தாள் படியாது. நீர் கலந்த ஃபெவிகாலை அதன் மேல் இரண்டு முறை பூசி, ஓரிரவு உலரவிட வேண்டும். இந்தப் பூச்சு இல்லையென்றால் அட்டை மையை உறிஞ்சி இரண்டாம் பிரதியிலேயே ஊறிவிடும். மறுநாள் மை தடவி, தாளைப் பரப்பி, நடுவிலிருந்து ஓரம் நோக்கித் தேய்த்தால் அச்சு வரும். எங்கள் பகுதியில் பழைய மீன் வலைத் துண்டுக்குப் பஞ்சமே இல்லை. அதன் கண்ணிகள் மிக அழகாகப் பதியும். உங்கள் ஊரில் சாக்கு, பாய், ஓலை எது கிடைக்கிறதோ அது.

2. ஒற்றைப் பிரதி அச்சு (3ஆம் வகுப்பு முதல்)

தட்டில் மெல்லிய மைப் படலம் பூசுங்கள். அதன் மேல் தாளை மெதுவாக வைத்து, தாளின் முதுகில் பென்சிலால் வரையுங்கள். கையை ஊன்றக் கூடாது. தாளை எடுத்துப் பார்த்தால், பென்சில் சென்ற இடமெல்லாம் கறுப்பாக, சற்றே பிசிறிய கோடு வந்திருக்கும். வரைந்தது அப்படியே வராது என்பதே இதன் சுவை. "எனக்கு வரைய வராது" என்ற பிள்ளைக்கும் நன்றாக வரையும் பிள்ளைக்கும் கோடு ஒரேபோலப் பிசிறும். அழிப்பானுக்கு இங்கே வேலையில்லை.

3. கடற்பாசிப் பலகை (6ஆம் வகுப்பு முதல்)

கலப்பு ஊடகக் கலைஞர்கள் ஜெலட்டின் பலகையில் அச்செடுப்பார்கள். அது விலங்கிலிருந்து எடுக்கப்படுவதால் பல வீடுகளில் தயக்கம் உண்டு. மேலும் 35 டிகிரி வெப்பத்திலேயே அது இளகத் தொடங்கும். நம் ஊர்க் கோடையைத் தாங்காது. நோன்பு காலத்தில் நம் பகுதி வீடுகளில் செய்யும் கடற்பாசி, அதாவது அகர் அகர், இதற்கு நல்ல மாற்று. கொதிநீரில் கரைந்து, ஏறத்தாழ 35 முதல் 40 டிகிரியில் உறையும். உறைந்தபின் மறுபடி இளக 85 டிகிரி வரை சூடாக்க வேண்டும். ஒரே பொருளுக்கு உறையும் வெப்பநிலை ஒன்று, உருகும் வெப்பநிலை வேறொன்று என்பதை மாணவர்களே வெப்பமானி வைத்துக் கண்டறியலாம்.

சாப்பிடுவதற்குப் போடும் அளவைப்போல இரு மடங்கு கடற்பாசியை நீரில் கொதிக்க வைத்துக் கரைத்து, சிறிது கிளிசரின் சேர்த்து, சமமான தட்டில் ஒரு விரல் கனத்துக்கு ஊற்றுங்கள். அடுப்பு வேலையை ஆசிரியரே வீட்டில் முடித்துக்கொண்டு வருவது நல்லது. உறைந்ததும் அதன் மேல் மெல்லியதாக வண்ணம் உருட்டி, இலைகளை அடுக்கி, தாள் வைத்து உள்ளங்கையால் தடவினால் போதும், கரண்டி வேண்டாம். முதல் பிரதியில் இலையின் வெளிவடிவம் வெள்ளையாக வரும். இலையை எடுத்துவிட்டு இரண்டாம் பிரதி எடுத்தால் நரம்புகள் தெரியும். ஜெலட்டினைவிட இது எளிதில் விரியும். தட்டிலிருந்து எடுக்காமலே பயன்படுத்த வேண்டும்.

4. பால் பெட்டிக் கீறல் அச்சு (9ஆம் வகுப்பு முதல்)

பால், பழச்சாறு வரும் அட்டைப் பெட்டியை வெட்டி விரித்துக் கழுவினால் உள்ளே வெள்ளிநிறப் பரப்பு இருக்கும். காம்பஸ் முனையால் அதில் கீறி வரைய வேண்டும். கீறலில் மையைத் திணித்து, மேற்பரப்பைப் பழைய துணியால் துடைத்தெடுக்க வேண்டும். தாளை நீரில் நனைத்து, இரண்டு துண்டுகளுக்கிடையே ஒற்றி, ஈரமாகவே வைத்துக் கரண்டியால் அழுத்தித் தேய்க்க வேண்டும். நான்கு முறைகளில் இதற்குத்தான் அழுத்தம் அதிகம் தேவை. குழிவு அச்சு எப்படி இயங்குகிறது என்பதைக் கண்ணால் காண இதைவிட எளிய வழியை நான் அறியேன்.

மீனே அச்சுப் பலகை

ஜப்பானில் 19ஆம் நூற்றாண்டு முதல் மீனில் மை தடவித் தாளில் பதிக்கும் வழக்கம் உண்டு. 'கியோதாகு' என்று பெயர். பிடித்த மீனின் அளவைப் பதிவுசெய்து வைக்கவே அது தொடங்கியது. ஜெகதாப்பட்டினமும் கோட்டைப்பட்டினமும் பக்கத்தில் இருக்க, இதை நாங்கள் விட்டுவைப்போமா?

செதிள் பெரிதாக உள்ள மடவை, கிளிமீன், தட்டையான நாக்குமீன் ஆகியவை நன்றாகப் பதியும். வண்ணம் தடவிய மீனைச் சமைக்கக் கூடாது. சோற்றுக்கு ஆகும் மீனை வீணாக்குவது எந்த வீட்டிலும் மனத்துக்கு ஒப்பாத செயல். அதனால் தீவனத்துக்கு ஒதுக்கப்படும் மீனை மட்டுமே நான் வகுப்புக்குக் கேட்டு வாங்குகிறேன்.

கடலுக்குப் போகும் வீட்டுப் பிள்ளைகள் இந்த வகுப்பில் தாமாகவே ஆசிரியராகிவிடுகிறார்கள். மீனின் வழவழப்புப் போகவில்லையென்றால் மை ஒட்டாது. சாம்பல் தொட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும் என்று ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன்தான் மற்றவர்களுக்குச் செய்து காட்டினான். துடுப்பை எப்படி விரிப்பது, செவுளை எந்தப் பக்கம் அழுத்துவது, ஓராவின் முள்ளும் கெளுத்தியின் முள்ளும் குத்தினால் எப்படிக் கடுக்கும் என்பதெல்லாம் அவன் சொல்லச் சொல்ல வகுப்பு கேட்டது. எழுத்துத் தேர்வுகளில் பின்னால் நிற்கும் பிள்ளை அவன். அவனிடம் இருக்கும் அறிவை வகுப்பறைக்குள் கொண்டுவர எனக்கு வாய்த்த வழி இது. அவன் குறிப்பிட்ட அந்த இரண்டு மீன்களையும் வகுப்பில் பயன்படுத்துவதில்லை.

மீனை ஒற்றி உலர்த்தி, தலையிலிருந்து வால் நோக்கி மை தடவி, மெல்லிய தாளைப் போர்த்தி விரல் நுனியால் தடவ வேண்டும். கண்ணில் மை தடவுவதில்லை. அச்சு உலர்ந்தபின் தூரிகையால் கண்ணை வரைவார்கள். முடிந்ததும் அனைவரும் சோப்புப் போட்டுக் கைகழுவ வேண்டும்.

இடவல மாற்றம்: தொல்லையா, பாடமா?

மையிட்ட பரப்பில் தாளை வைத்து எடுத்தால் உருவம் இடவலமாக மாறி வரும். எழுத்துகளை இன்னும் பழகிக்கொண்டிருக்கும் 1, 2ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அச்சில் எழுத்து வேண்டாம், உருவங்கள் போதும். மேல் வகுப்புகளிலோ இது சமச்சீர்மைக்கான நேரடிச் செயல்பாடு. "கண்ணாடியில் பார்த்தாலும் மாறாத தமிழ் எழுத்துகள் எவை?" என்று கேளுங்கள். 'ஃ', 'ப' ஆகிய இரண்டை நீங்கள் சொல்லிவிட்டு மற்றவற்றை அவர்களைத் தேடவிடுங்கள்.

கல்வெட்டு ஆய்வாளர்கள் எடுக்கும் மைப்படியில் மட்டும் எழுத்து நேராகவே இருக்கும். ஏன்? ஈரத்தாளைக் கல்லின் மேல் பரப்பி, தூரிகையால் தட்டி எழுத்தின் பள்ளத்துக்குள் தாளைப் படியவைத்து, தாளின் வெளிப்பக்கத்தில் மை ஒற்றுகிறார்கள். மை கல்லில் படுவதே இல்லை. பள்ளமான எழுத்து வெள்ளையாகவும் சுற்றுப்புறம் கறுப்பாகவும் நிற்கும். 1890இல் முதல் தொகுதி வெளிவந்த தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகள் போன்ற பதிப்புகளுக்கு இத்தகைய படிகளே ஆதாரம். நாணயத்தின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்ப்பது இதன் எளிய வடிவம். ஆவுடையார்கோவில் போன்ற இடங்களுக்கு அழைத்துச் செல்லும்போது, பழைய கல்லில் மையோ சுண்ணாம்போ படவிடக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்லித்தர வேண்டும்.

அச்சிலிருந்து கலப்பு ஊடகத்துக்கு

எடுத்த அச்சு அத்துடன் முடிவதில்லை. வீட்டில் நான் பின்பற்றும் வரிசை இது. முதலில் கடற்பாசிப் பலகையில் வெளிர்நிற இலை அச்சு. அது உலர்ந்தபின், மெல்லிய தாளில் எடுத்த மீன் அச்சை வெட்டி அதன் மேல் ஒட்டுவேன். ஓரங்களில் செய்தித்தாள் துண்டு, பழைய கணக்குத்தாள். பிறகு வலைநூலால் தையல். கடைசியில் பேனாக்கோடு. வெளிர் வண்ணம் அடியிலும் அடர் வண்ணம் மேலேயும் வந்தால் படம் குழம்பாது. மைதாப் பசை மலிவானது. ஆனால் பூச்சி அரிக்கும். புத்தகம் கட்டுபவர்கள் அதில் மயில்துத்தம் சேர்ப்பார்கள். அது நஞ்சு என்பதால் பள்ளிக்கு ஆகாது. பாதுகாத்து வைக்கும் படத்துக்கு ஃபெவிகாலே நல்லது. ஐப்பசி, கார்த்திகை மழையில் தாள் உலராமல் பூஞ்சை பிடிக்கும். அந்த மாதங்களில் அச்சுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்காமல் கொடியில் கவ்வி மாட்டித் தொங்கவிடுங்கள்.

வகுப்பில் நடத்தும்போது

மூன்று பாடவேளைகள் போதும். முதலில் பலகை செய்தல். அடுத்த நாள் அச்செடுத்தல். மூன்றாவது நாள் வெட்டி, ஒட்டி, வரைந்து முடித்தல். அச்செடுக்கும் நாளில் மை தடவ ஒரு மேசை, அழுத்த ஒரு மேசை, உலர்த்த ஒரு கொடி என்று பிரித்து, நால்வர் குழுக்களாக அனுப்பினால் நாற்பது பேர் வகுப்பிலும் கூச்சல் குறையும். மை தடவிய கை தாளைத் தொடக் கூடாது என்ற ஒரே விதி போதுமானது. வெட்டுக்கத்தி வேண்டிய லினோ, ரப்பர் செதுக்கல்களை ஒன்பதாம் வகுப்புக்கு மேல், ஆசிரியர் பார்வையில், கத்தி நகரும் திசையில் மறு கை இல்லாதபடி செய்ய வேண்டும்.

ஒவ்வொருவரும் குறைந்தது மூன்று பிரதிகளாவது எடுக்கட்டும். அடியில் பென்சிலால் 1/3, 2/3, 3/3 என்று எழுதிக் கையொப்பமிடுவது அச்சோவியர்களின் வழக்கம். கீழே உள்ளது மொத்தப் பிரதிகள், மேலே உள்ளது வரிசை எண். இது பின்னம் அல்ல என்பதைச் சொல்லிவிடுங்கள். இல்லையேல் 2/3 பெரிதா 1/3 பெரிதா என்ற விவாதம் தொடங்கிவிடும். மூன்றையும் அருகருகே வைத்து, "எது தெளிவாக வந்தது? ஏன்?" என்று கேட்டால் மையின் அளவு, அழுத்தம், தாளின் ஈரம் ஆகியவற்றை அவர்களே காரணமாகக் கண்டுபிடிப்பார்கள். மதிப்பீட்டுக்கும் இந்தக் கேள்விகளே போதும். அழகுக்கு மதிப்பெண் போட வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். அச்சோவியம் வரைதலுக்கு மாற்று ஆகாது. கண்ணால் பார்த்துக் கையால் வரையும் பயிற்சி தனியே வேண்டும். மேலும், பலகையை ஆசிரியரே செய்துகொடுத்துப் பிள்ளைகள் மை மட்டும் தடவினால், கரும்பலகை மாம்பழத்துக்கும் இதற்கும் வேறுபாடு இருக்காது. கலைத்திருவிழாவுக்காகச் சிலரை மட்டும் தயார் செய்யும்போதும் இந்த ஆபத்து உண்டு. பலகையில் எதை ஒட்டுவது, எங்கே கீறுவது என்ற முடிவு பிள்ளையினுடையதாக இருக்க வேண்டும்.

மூன்று பிரதிகளில் ஒன்று வீட்டுக்கு, ஒன்று நண்பருக்கு, ஒன்று பள்ளிக்கு. பள்ளிக்கு வரும் பிரதிகளை ஒரு கோப்பில் சேர்த்து வருகிறேன். மீன் அச்சாக இருந்தால் மீனின் ஊர்ப்பெயர், நாள், நீளம், எடுத்த மாணவர் பெயர் ஆகியவற்றை அடியில் எழுதச் சொல்கிறேன். வயல்சூழ்ந்த ஊர்ப் பள்ளியில் இதுவே நெற்கதிர்களின், களைச்செடிகளின் கோப்பாக இருக்கலாம். மலையூரில் மரப்பட்டைகளின், இலைகளின் கோப்பாக இருக்கலாம். இந்தக் கல்வியாண்டில் ஒரு கரண்டியும் ஒரு பழைய அட்டையும் எடுத்துத் தொடங்குங்கள். சில ஆண்டுகள் கழித்து வரும் மாணவர்களுக்கு, தங்கள் ஊரில் என்ன இருந்தது என்பதை அளவோடும் பெயரோடும் அந்தக் கோப்பு காட்டும்.